ஐம்பதில் வளையுமா?

‘ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?’ என்பது நம்மவர் அடிக்கடி எடுத்தாளும் பழமொழி. பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பத் தயங்கும் பெற்றோரிடம் கூறின் அது நன்மொழியே. நாற்பதைக் கடந்து புதுத்தொழில் பழக முனைவோரிடம் கூறும்போதோ, அதுவே கதவை அடைக்கும் தாழாகிவிடுகிறது.

மூளை நூலாரும் ஒரு காலத்தில் இப்பழமொழியின் பக்கமே நின்றனர். வளர்ந்தவர் மூளையின் நரம்புப் பாதைகள் மாறாதவை என்று ஸ்பானிய அறிஞர் ரமோன் இ கஹால் எழுதினார். அக்கடும் விதியை மாற்ற முயல்வது வருங்கால அறிவியலின் கடன் என்றும் அவரே சேர்த்தெழுதினார். பின்னதை மறந்து முன்னதையே ஓதியவர் பலர்.

இலண்டன் மாநகரில் வாடகைக்கார் ஓட்ட உரிமம் வேண்டுவோர் அந்நகரின் பல்லாயிரம் தெருக்களை மனப்பாடம் செய்தல் வேண்டும். அதற்கு மூன்று நான்கு ஆண்டுகள் செல்லும். அவ்வாறு பயின்ற 79 பேரை ஆராய்ந்த முடிவு 2011-இல் வெளிவந்தது. தேறியவர் 39 பேரே. அவர்கள் மூளையில் இடநினைவுக்குரிய பகுதியின் பின்புறம் பருத்திருந்தது. தேறாதவரிடம் அம்மாற்றம் காணப்படவில்லை. இங்கு ஒன்றை மறைத்தல் ஆகாது: தேறியவர்கள் வேறொரு வகை நினைவுத் தேர்வில் சற்றுப் பின்தங்கினர். வரவுக்குச் செலவும் உண்டுபோலும்!

தமிழுலகில் இதற்குச் சான்று தேடுவோர் ஐராவதம் மகாதேவனை நோக்கலாம். 1930-இல் பிறந்த அவர் வேதியியலும் சட்டமும் கற்று ஆட்சிப் பணியில் அமர்ந்தவர். கல்வெட்டியல் அவர் கற்ற துறையன்று. எனினும் 1965-இல் புகலூர்க் கல்வெட்டில் சேர மன்னர் பெயர்களைப் படித்துக் காட்டினார். கணிப்பொறியின் துணையோடு தொகுத்த சிந்து எழுத்துத் தொகுதியை 1977-இல் வெளியிட்டார். 1987-இல், ஐம்பத்தேழாம் வயதை எட்டும் வேளையில், தினமணியின் ஆசிரியரானார். பண்டைத் தமிழ்க் கல்வெட்டுகள் பற்றிய பெருநூல் வெளிவந்த 2003-இல் அவருக்கு வயது எழுபதைத் தாண்டியிருந்தது.

ஆனால் அவரைக் காட்டி எல்லாரையும் ‘நீயும் முயல்’ என்பது நேர்மையாகாது. அவருக்கு முன்னரே கல்வியும் நிலையான ஊதியமும் இருந்தன. பழமொழியின் உண்மையான குறை இதனைக் காணாமையே. வளைதல் என்னும் உவமையே பொருந்தவில்லை. தேயிலைத் தோட்டத்தார்க்குக் கவ்வாத்து என்னும் சொல் நன்கு தெரியும். முற்றிய மரத்தை வெட்டினால் அதிலிருந்தே இளந்தளிர் வரும். வேரில் மாச்சத்துச் சேமிப்பு இல்லாத வேளையில் வெட்டினாலோ செடியே பட்டுப்போகும். ஆகவே கங்காணிமார் நாளும் செடியின் நிலையும் பார்த்தே கத்தியை எடுக்கச் சொல்வர். மலையில் நாள் முழுதும் கொழுந்தெடுத்துக் களைத்தவரை இரவு வகுப்பில் அமர்த்தி, இரு வாரத்தில் பாடம் ஏறவில்லையென்று வயதின்மேல் பழி போடுபவர், அவர் அன்று எத்தனை மணி நேரம் உறங்கினார் என்று கேட்பதுண்டா?