மார்கழியின் இரைச்சல்

டிசம்பர் பிறந்தால் சபாச் செயலாளர்களின் பேச்சில் தவறாமல் வரும் பெருமிதம் ஒன்று உண்டு: உலகத்தில் வேறெந்த ஊரிலும் ஒரே மாதத்தில் இத்தனை கச்சேரிகள் நடப்பதில்லை. 2017இல் யுனெஸ்கோ தன் படைப்பாக்க நகரங்களின் வரிசையில் சென்னையை இசைக்காகச் சேர்த்ததிலிருந்து அந்தப் பெருமிதத்துக்கு முத்திரையும் கிடைத்துவிட்டது. எண்ணிக்கையில் எனக்குத் தகராறு இல்லை. ஆயிரம் என்பார்கள், இரண்டாயிரம் என்பார்கள், எதுவானாலும் மலைப்புதான். ஆனால் இவற்றில் எத்தனை கச்சேரிகளில் பாடுகிறவரின் குரல் அவருடைய குரலாகவே நம் காதுக்கு வந்து சேர்கிறது என்று மட்டும் எந்த மேடையிலும் யாரும் கேட்பதில்லை.

சீசனின் நல்ல பக்கத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். 1927 டிசம்பரில் சென்னையில் கூடிய காங்கிரஸ் மாநாட்டையொட்டி நடந்த இசை மாநாட்டிலிருந்து அடுத்த ஆண்டே மியூசிக் அகாடமி பிறந்தது. கோர்ட்டுக்கும் ஆபீசுக்கும் கிறிஸ்துமஸ் விடுமுறை. மார்கழியில் முகூர்த்தம் கிடையாது என்பதால் கல்யாணக் கச்சேரி வித்வான்களும் சும்மா இருப்பார்கள். வெயிலும் சற்றே இரங்கும். இப்படித் தற்செயலாகப் பொருந்திய ஏற்பாடு தொண்ணூறு ஆண்டுகளுக்கு மேல் நீடிப்பது சாதாரணம் அல்ல. பகல் கச்சேரிகளுக்குப் பெரும்பாலும் டிக்கெட் இல்லை. அகாடமியில் காலை எட்டு மணிக்கே செயல்விளக்க உரைகள் தொடங்கிவிடும். கேன்டீனில் கீரை வடை பிரமாதமாக இருக்கும். கேன்டீனைத் தொடாத சீசன் கட்டுரை கட்டுரையே இல்லை என்பார்கள், தொட்டுவிட்டேன்.

சீசனைப் பற்றிய பெரிய சண்டைகளும் எனக்குத் தெரியும். தமிழில் பாடினால் என்ன என்று கேட்டு 1943இல் தமிழ் இசைச் சங்கம் தோன்றியது. இனி டிசம்பரில் பாடப்போவதில்லை என்று 2015இல் பாடகர் டி.எம். கிருஷ்ணா அறிவித்தார், 2024இல் அவருக்கே அகாடமியின் சங்கீத கலாநிதி விருது அறிவிக்கப்பட்டபோது விவகாரம் நீதிமன்றம் வரை போனது. சாதியும் மொழியும் பற்றிய இந்தக் கேள்விகள் என்னுடையதைவிடக் கனமானவை. அவற்றைப் பேச வலுவான குரல்கள் இருக்கின்றன. நான் பல காலமாக வைத்திருக்கும் புகார் சின்னது, தொழில்நுட்பம் சார்ந்தது, அதனாலேயே யாராலும் சட்டை செய்யப்படாதது: சத்தம். நம் சபாக்களில் ஒலிபெருக்கி இசையைத் தின்றுகொண்டிருக்கிறது.

ஒலிபெருக்கி நமக்குச் செய்த உபகாரத்தை மறுக்கவில்லை. 1930களில் அது மேடைக்கு வரும் முன் கடைசி வரிசைக்கு எட்டும் குரல் இருந்தால்தான் பிழைப்பு. எஸ்.ஜி. கிட்டப்பா ஐந்து கட்டைக்கு மேல் சுருதி வைத்து நாடகக் கொட்டகையை நிறைத்த காலம் அது. மைக் வந்ததும் ஆண்கள் ஒரு கட்டை, ஒன்றரைக் கட்டைக்கு இறங்க முடிந்தது. மந்தர ஸ்தாயிக்கு உயிர் வந்தது. எம்.டி. ராமநாதனின் அந்தக் கிணற்றடிக் குரல் மைக் இல்லாமல் நாலாவது வரிசையைத் தாண்டியிருக்குமா என்பது சந்தேகம். மெல்லிய ஒலியைத் தூரத்துக்குக் கொண்டுபோவது என்ற ஒரே வேலைக்காக வந்த கருவி, அந்த வேலையை நன்றாகவே செய்தது. அந்தக் காலப் புகைப்படங்களில் பாடகருக்கு முன்னால் ஒற்றை மைக் நிற்பதைப் பார்க்கலாம். வயலினும் மிருதங்கமும் தங்கள் சொந்த பலத்தில் ஒலித்தன.

இன்றைய மேடையைப் பாருங்கள். பாடகருக்கு ஒன்று, வயலினில் செருகியது ஒன்று, மிருதங்கத்தின் இரு பக்கமும் ஒவ்வொன்று, கடத்தின் வாயருகே ஒன்று, கஞ்சிராவுக்கு ஒன்று. இத்தனைக்கும் எதிரே ஒவ்வொரு கலைஞரையும் நோக்கித் திரும்பிய சிறு பெட்டிகள். அவற்றிலிருந்து வருவதை வித்வான்கள் ‘ஃபீட்பேக்’ என்பார்கள். வர்ணம் தொடங்கி முப்பது வினாடிக்குள் ஆள்காட்டி விரல் ஒன்று மேலே உயரும்: எனக்கு ஃபீட்பேக் ஏற்று. அவருக்கு ஏற்றினால் பக்கத்தில் இருப்பவருக்குத் தன் வாத்தியம் கேட்காது. அடுத்த விரல் உயரும். அப்புறம் மூன்றாவது. மேடையில் ஏறிய சத்தத்தை மீறவேண்டும் என்று அரங்கத்துப் பெட்டிகளின் சத்தமும் ஏற்றப்படும். நான் பார்த்த வரையில் இந்த விரல்கள் மேல்நோக்கி மட்டுமே போகின்றன. முதல் வர்ணம் அநேகமாக மைக்செட்காரருக்கே சமர்ப்பணம்.

இதில் அதிகம் அடிபடுவது மிருதங்கம். அதன் இடப்பக்கமான தொப்பியில் ரவையைப் பூசி, அதன் ஈரத்தைக் கணக்கிட்டு, கும்கியை உள்ளங்கையின் அடிப்புறத்தால் மெல்ல இழுத்து எழுப்பும்போது அந்த நாதம் வளைந்து மேலேறும். அந்த வளைவுக்காகப் பத்து வருஷம் உழைத்திருப்பார்கள். தொப்பிக்கு நாலு விரற்கடையில் மைக்கை வைத்து, அதை நாற்புறச் சுவர்களும் திருப்பியடிக்கும் அரங்கில் அலறவிட்டால், வளைவு போய் வெறும் அதிர்வு மிஞ்சுகிறது. நாற்காலியின் கைப்பிடியில் அதை உணரலாம். கனத்த தாழ்வொலி உரக்க இருந்தால் அதற்கு மேல் இருக்கும் மென்மையான ஒலிகளைக் காது பிரித்தறியாது என்பது செவியறிவியலின் பாலபாடம். ஆகவே தொப்பி முழங்கும்போது வயலினின் நுண்ணிய இழைவும் பாடகரின் அனுஸ்வரமும் இருந்த இடம் தெரியாமல் போகின்றன. தோடியில் காந்தாரம் அசைந்ததா நின்றதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வழியில்லை. பாடகரின் கை அசைவைப் பார்த்து ஊகிக்க வேண்டியதுதான். தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் எழுந்து போகிற ரசிகர்களை எல்லாரும் திட்டுகிறோம், நானும் திட்டியிருக்கிறேன். சில சாயங்காலங்களில் அவர்கள் போண்டாவுக்காகப் போகவில்லை, காதைக் காப்பாற்றிக்கொள்ளப் போகிறார்கள் என்று தோன்றியதுண்டு.

இது மிருதங்க வித்வான்களே விரும்பிய நிலை என்று சொல்வதும் முழு உண்மை ஆகாது. 1966இல் சங்கீத கலாநிதி பெற்ற பாலக்காடு மணி ஐயர் மைக்கைக் கடுமையாக எதிர்த்தவர். மைக் வைத்தால் வாசிப்பதில்லை என்று பிடிவாதமாக நின்று கச்சேரி வாய்ப்புகளையே இழந்தவர். அவருடைய படத்துக்கு மாலை போடாத மிருதங்க மேடை இல்லை. அவர் சொன்னதைக் கேட்ட மேடையைத்தான் தேடவேண்டியிருக்கிறது.

சத்தம் இப்படி ஏறியதற்கும் சபாக்கள் மார்தட்டும் எண்ணிக்கைக்கும் நேரடிச் சம்பந்தம் உண்டு. ஒரே அரங்கில் காலை முதல் இரவு வரை நாலு, ஐந்து நிகழ்ச்சிகள். ஒன்று முடிந்து திரை விழுந்து அடுத்தது எழுவதற்குள் கால் மணி நேரம் இருந்தால் அதிகம். அதற்குள் ஜமக்காளத்தை உதறி, மைக்குகளை நகர்த்தி, வயலினுக்குச் சுருதி சேர்த்து, புரவலருக்குப் பொன்னாடையும் போர்த்த வேண்டும். ஒலியைச் சரிபார்க்க நேரம் எங்கே? அரை மணி கேட்டால் ஒரு நிகழ்ச்சியைக் குறைக்க வேண்டும். குறைத்தால் பெருமிதத்தில் ஒன்று குறையும். எனவே மதியக் கச்சேரிச் சிறுமிக்கு வைத்த அளவிலேயே மாலைப் பெரியவருக்கும் பெட்டிகள் முழங்குகின்றன. சென்ற சில ஆண்டுகளாக மேடைக்குப் பின்னால் எல்இடி திரைகள் பளபளக்கின்றன. அதற்குப் பணம் இருக்கிறது. அரங்கின் பக்கச் சுவர்களில் ஒலியை உறிஞ்சும் பலகை பொருத்தத்தான் இல்லை.

இந்த இரைச்சலில் தம்புராவின் நிலை பரிதாபம். குதிரையில் நூலை நகர்த்தி ஜீவா பிடிப்பார்களே, அந்த நூலிழையில் எழும் உப ஒலிகளால்தான் அரங்கம் சுருதியில் நனையும். இப்போது மின்னணுப் பெட்டியோ கைபேசிச் செயலியோ மைக்கில் ரீங்கரிக்க, பின்னால் தம்புராவோடு உட்கார்ந்திருக்கும் மாணவி அலங்காரத்துக்கு. நாகஸ்வரத்தைப் பற்றி என்ன சொல்ல? கோயில் வீதிகளில் நாலு தெருவுக்குக் கேட்கும் வாத்தியம். குளிரூட்டிய மூடிய அரங்கில் அதன் அணைசுக்கு எதிரே ஒரு மைக்கை நிறுத்துகிறார்கள், தவிலுக்கு இரண்டு. தொடக்க நாள் மங்கள இசை என்ற பெயரில் இது நடக்கும்போது பாதிப் பேர் இன்னும் உள்ளே வந்திருக்க மாட்டார்கள் என்பதே ஒரு கருணை.

சபாக்காரர்களின் பதில் எனக்கு மனப்பாடம். மைக் இல்லாமல் ஆயிரம் பேருக்கு எப்படிக் கேட்கும்? கேள்வி நியாயமாகத்தான் ஒலிக்கிறது. வியன்னாவில் 1870இல் திறந்த முசிக்வெரைன் அரங்கில் ஏறக்குறைய 1,700 இருக்கைகள், அதாவது நம் அகாடமியின் டி.டி.கே. அரங்கைவிடச் சற்றுப் பெரியது. பெருக்கம் இல்லாமலே இசை கடைசி வரிசைக்குப் போவதற்கென்று கட்டியது. அவர்களுடைய குரல் பயிற்சி வேறு, வாத்தியக் கூட்டம் வேறு; ஒப்பிட்டால் சண்டைக்கு வருவார்கள். சரி, வியன்னா வேண்டாம், திருவான்மியூருக்குப் போவோம். கலாக்ஷேத்திராவில் கேரளக் கூத்தம்பல மரபை ஒட்டி ஓர் அரங்கு நிற்கிறது. கூத்தம்பலம் என்பதே குரலும் மிழாவும் மின்சாரம் இல்லாமல் பார்வையாளரைச் சேர்வதற்காகத் தச்சர்கள் நூற்றாண்டுகளாகச் செதுக்கிய வடிவம். இந்த நகரத்துக்கு அந்த அறிவு அந்நியம் அல்ல. நம் சபா அரங்குகளோ நாடகத்துக்கும் பாராட்டுக் கூட்டத்துக்கும் சேர்த்துக் கட்டியவை. ஒலி எப்படிப் பரவும் என்ற கவலை அவற்றில் பலவற்றின் வரைபடத்தில் இருந்ததாகத் தெரியவில்லை.

அதோடு, ஆயிரம் பேர் எங்கே இருக்கிறார்கள்? அகாடமியின் மாலைக் கச்சேரிகளையும் இன்னும் சில நட்சத்திரங்களின் நாட்களையும் கழித்துவிட்டால், சீசனின் பெரும்பகுதி ஐம்பது நூறு பேருக்கு நடப்பது. மதியம் இரண்டு மணிக்கு முப்பது பேர் முன் பாடும் பத்தொன்பது வயதுப் பெண்ணுக்கு எதற்கு ஆளுயரப் பெட்டிகள்? அந்த முப்பது பேரை முன்வரிசைக்கு அழைத்து உட்காரவைத்தால் போதும். முதியவர்களுக்குக் காது மந்தம் என்பார்கள். மந்தமான காதுக்கு வேண்டியது தெளிவு. உரப்பு கூடக்கூட அவர்களுக்குச் சொல் இன்னும் குழம்பும். ஒரு சபாவில் சத்தத்தைக் குறைக்கச் சொல்லிச் சீட்டு எழுதிக் கொடுத்தேன். “வித்வான் கேட்டதைத்தான் சார் வைத்திருக்கிறோம்” என்றார்கள். வித்வானைக் கேட்டால் அரங்கம் அப்படி என்பார். இந்த வட்டத்தில் டிக்கெட் வாங்கியவனுக்கு இடம் இல்லை.

எங்கள் விமர்சகக் கூட்டத்துக்கும் இதில் பங்குண்டு. கல்கி ‘கர்நாடகம்’ என்ற பெயரில் எழுதிய நாள் முதல் தமிழில் கச்சேரி விமர்சனத்துக்கு ஒரு துணிச்சல் உண்டு. ராகத்தில் அன்னிய ஸ்வரம் விழுந்தால் பிடிக்கிறோம், சாகித்தியத்தைப் பதம் பிரித்ததில் தவறு நேர்ந்தால் சாடுகிறோம். அரங்கில் என்ன கேட்டது என்று எழுதுவதில்லை. “மிருதங்கம் சுகமாக ஒலித்தது” என்று மறுநாள் படிக்கும்போது நான் வேறு கச்சேரிக்குப் போய்விட்டேனோ என்று சந்தேகம் வருகிறது. பெருந்தொற்றின்போது, 2020இல், சீசன் இணையத்துக்குப் போனது. காதில் கருவியைச் செருகிக்கொண்டு வீட்டில் கேட்டவர்களுக்குச் சாப்பு, மீட்டு, கும்கி ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கேட்டன. அரங்கு திறந்து நேரில் போனபோது அதே வித்வானிடமிருந்து திடும்திடும் என்ற ஒன்றுதான் வந்தது. நேரில் கேட்பது கைபேசியில் கேட்பதைவிட மட்டமாக இருக்கும் ஊருக்கு யுனெஸ்கோ முத்திரை எதற்கு?

இதைவிட ஆழமான சேதம் குரல்களுக்கு நேர்வது. பெட்டி பார்த்துக்கொள்ளும் என்ற நம்பிக்கையில் வளரும் குரலுக்கு அகார சாதகத்தின் தேவை புரிவதில்லை. வாய் திறந்து கார்வையில் நிற்பது அருகி, உதட்டு நுனியில் முணுமுணுக்கும் சங்கதிகள் பெருகுகின்றன. வீணைக்காரர்கள் மிருதங்கத்தோடு மல்லுக்கட்ட முடியாமல் மின்ஒலி வாங்கியைப் பொருத்திக்கொள்கிறார்கள்; பிறகு அது வீணையாகக் கேட்கவில்லை என்று அவர்கள் மீதே பழி. மைக்கைக் கண்டுபிடித்தவனைக் குறை சொல்லிப் பயன் இல்லை. தனக்குக் கேட்டால் போதும் என்று விரலைத் தூக்கிய ஒவ்வொரு வித்வானும், சண்டை வேண்டாம் என்று ஏற்றிவிட்ட ஒவ்வொரு செயலாளரும் சேர்ந்து செய்த வேலை இது. நகரத்தின் சில சிறு அரங்குகளில் மைக் இல்லாத கச்சேரிகளை ஆர்வலர்கள் நடத்தித்தான் பார்க்கிறார்கள். அவை விசேஷ நிகழ்ச்சி என்று விளம்பரமாவதே நம் நிலைமையைச் சொல்கிறது.

சபாச் செயலாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். வரும் மார்கழியில் மதியக் கச்சேரிகள் முழுவதற்கும் பெட்டிகளை அணைத்துவையுங்கள். ரசிகர்களை முன்னால் வந்து உட்காரச் சொல்லுங்கள். மாலையில் பாடகருக்கு மட்டும் ஒரு மைக் வையுங்கள், பக்கவாத்தியங்களின் மைக்குகளை எடுத்துவிடுங்கள். நாளுக்கு ஒரு நிகழ்ச்சியைக் குறைத்து, அந்த நேரத்தில் ஒலியைச் சரிபாருங்கள். எண்ணிக்கை சரிந்ததென்று யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள்.