நடுகல்லும் கையறுநிலையும்: இறந்த வீரனைப் புறநானூறு நினைவுகூரும் முறை

போரில் இறந்த வீரனை நினைவில் நிறுத்தப் பழந்தமிழர் இரண்டு வழிகளைக் கையாண்டனர். ஒன்று நடுகல், மற்றொன்று கையறுநிலைப் பாடல். வீரனுக்குக் கல் எடுக்கும் முறையைத் தொல்காப்பியப் புறத்திணையியல் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்தல் என ஆறு நிலைகளாக வகுத்துள்ளது. இறந்தவரை எண்ணி எஞ்சியோர் புலம்பும் கையறுநிலையை அது காஞ்சித் திணையில் வைத்துப் பேசுகிறது. இவ்விரண்டும் ஒரே வீரனைப் பற்றியவையாக இருந்தாலும், இரண்டும் நினைவில் வைப்பது ஒன்றையே அன்று. இந்த வேறுபாட்டை அறிந்தால் புறநானூற்றின் வீரப் பாடல்களைச் சரியான அளவில் மதிப்பிட முடியும்.

கல் சொல்வது

தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006ஆம் ஆண்டில் தமிழி எழுத்துப் பொறித்த நடுகற்கள் கண்டெடுக்கப்பட்டன. அவற்றுள் ஒன்று, கூடலூரில் நடந்த ஆகோளில் இறந்த தீயன் அந்தவன் என்பவனுக்கு எடுத்த கல். ஆகோள் என்பது ஆநிரை கவரும் பூசல். கல்வெட்டில் ஊர் உண்டு, நிகழ்ச்சி உண்டு, வீரன் பெயர் உண்டு. அதற்குமேல் ஒரு சொல்லும் இல்லை.

பல நூற்றாண்டுகள் கழித்து, பல்லவ மன்னன் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டில் எடுத்த எடுத்தனூர் நடுகல் இன்னும் சற்று விரிவாகப் பேசுகிறது. இவ்வூர் திருவண்ணாமலை மாவட்டத்தில் உள்ளது. எருமைகளைக் காக்கப் போராடி உயிரிழந்த கருந்தேவகத்தி என்ற வீரனின் கல் இது. அவனுடன் நின்று கள்வர் இருவரைக் கடித்துக் காத்த கோவிவன் என்னும் நாயின் பெயரும் அதே கல்லில் பொறிக்கப்பட்டுள்ளது. நாயின் உதவியையும் மறவாமல் எழுதிய ஊர் அது. ஆயினும் அவ்வீரனை இழந்து அழுதவர் யார் என்பதை அந்தக் கல் சொல்லவில்லை. செயலைப் பதிவு செய்வதே கல்லின் வேலை.

பாடல் சொல்வது

புறநானூற்றின் 264ஆம் பாடல் உறையூர் இளம்பொன் வாணிகனார் பாடியது. கரந்தைத் திணையில் கையறுநிலைத் துறையைச் சேர்ந்தது. கரந்தை என்பது பகைவர் கவர்ந்த ஆநிரையை மீட்பது. பாடலின் முற்பகுதி கல் நட்ட செய்தியைக் கூறுகிறது. பரற்கற்கள் நிறைந்த மேட்டுநிலத்தில் கல்லை நட்டு, மரல் நாரில் தொடுத்த செம்பூங் கண்ணியும் மயிற்பீலியும் சூட்டி, அவன் பெயரையும் பொறித்துவிட்டார்கள். பிற்பகுதி ஒரே ஒரு கேள்விதான். கன்றோடு கறவைகளை மீட்டுப் பகைவரை ஓட்டியவன் இறந்துபோனதை அறியாமல், பாணர் சுற்றம் இன்றும் அவனை நாடி வருமோ என்று புலவர் கேட்கிறார்.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பெயர் பொறித்தார்கள் என்று கூறும் பாடல் அந்தப் பெயரைச் சொல்லவில்லை. ஆநிரை மீட்ட வீரச் செயலும் ஓர் அடியளவில் முடிந்துவிடுகிறது. புலவரின் மனம் வழியில் வந்துகொண்டிருக்கும் பாணர் மீதே நிற்கிறது. புலிமான்கோம்பைக் கல்லில் பெயர் நிலைத்துவிட்டது, துயரம் மறைந்துவிட்டது. இப்பாடலில் துயரம் நிலைத்துவிட்டது, பெயர் மறைந்துவிட்டது.

ஒல்லையூர் கிழான் மகன் பெருஞ்சாத்தன் இறந்தபோது குடவாயிற் கீரத்தனார் பாடிய 242ஆம் பாடலும் இத்தகையதே. புலவர் பேசுவது முல்லைக் கொடியிடம். இளைஞர், வளையணிந்த மகளிர், பாணன், பாடினி என எவரும் சூடாத ஊரில் நீ ஏன் பூத்தாய் என்று அதனைக் கேட்கிறார். சாத்தனின் வேல்வன்மைக்கும் ஆண்மைக்கும் பாடலில் இடம் உண்டு. அவன் எவ்வாறு இறந்தான் என்ற விவரம் இல்லை. பறிப்பாரின்றி நிற்கும் பூவைக் கண்டே அவன் எத்தகையவன் என்பதைப் படிப்பவர் உணர்ந்துகொள்கிறார்.

அதியமான் நெடுமான் அஞ்சியை இழந்த ஔவையார் 235ஆம் பாடலில் இன்னும் ஒரு படி மேலே செல்கிறார். அவன் மார்பில் தைத்த வேல் பாணரின் உண்கலத்தைத் துளைத்தது, இரப்பவர் கைகளைத் துளைத்தது, புலவர் நாவிலும் சென்று வீழ்ந்தது என்கிறார். வேல் ஒன்றுதான், அது ஊடுருவிச் சென்ற இடங்கள் பல.

எழக்கூடிய மறுப்பு

பாணரும் புலவரும் பரிசில் பெற்று வாழ்ந்தவர்கள். தம் பிழைப்புப் போனதற்கு அவர்கள் அழுததைப் பெரிதாகக் கொள்ளலாமா என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. தம் இழப்பை அவர்கள் மறைக்கவும் இல்லை. ஆனால் ஒருவன் இல்லாததால் யார் பசியோடு திரும்புகிறார்கள் என்று சொல்வது அவனைப் பற்றிய நம்பத்தக்க சாட்சி. அடைமொழிகளை எந்த வீரனுக்கும் மாற்றி வைத்துப் பாடலாம். பசியோடு திரும்பும் சுற்றம் அவனைத் தேடி வந்தது. அதை மாற்றி வைக்க முடியாது.

குறைகள்

இப்பாடல்களின் எல்லையையும் சொல்லியாக வேண்டும். ஆவூர் மூலங்கிழாரின் 261ஆம் பாடல், நிரை மீட்டுக் கல்லாகிவிட்ட வீரனின் வீட்டைப் பாடுகிறது. விருந்தினர் நிறைந்திருந்த அந்த வீடு, அணிகலன் களைந்து தலைமழித்த கைம்பெண்ணைப் போலப் பொலிவிழந்தது என்கிறார் புலவர். உவமை மனத்தை உலுக்குவது. ஆனால் அங்கே கைம்மைத் துயர் வீட்டின் வெறுமையை விளக்கும் உவமையாகவே நின்றுவிடுகிறது, அவள் பேசவில்லை. அதுபோல, சாத்தன் வென்ற ஆடவருக்கும் வீடுகள் இருந்திருக்கும், முற்றத்தில் முல்லையும் இருந்திருக்கும். கீரத்தனாரின் பாடல் அந்தப் பக்கம் திரும்பவில்லை. கையறுநிலை தன்னைச் சேர்ந்தவனுக்காக மட்டுமே கலங்குகிறது.

இன்றைய வாசிப்புக்கு

உ.வே. சாமிநாதையர் 1894இல் பதிப்பித்த புறநானூற்றிலிருந்து மாணவர்களிடம் மிகுதியாகச் சென்று சேர்ந்தவை 278, 279ஆம் பாடல்கள். ஒன்றில், மகன் புறமுதுகிட்டான் என்ற சொல்லைக் கேட்டுக் கொதித்த தாய், களத்தில் சிதைந்து கிடந்த அவன் உடலைக் கண்டு, அவனைப் பெற்ற நாளினும் மகிழ்கிறாள். மற்றொன்றில், தமையனையும் கணவனையும் போரில் இழந்தவள் தன் ஒரே மகனையும் களத்துக்கு அனுப்புகிறாள். இவை சிறந்த பாடல்களே. இவற்றை மட்டும் படித்தவர், வீரமரணம் எவருக்கும் வலிக்காத ஒன்று எனப் பழந்தமிழர் கருதினர் என்று எண்ணிவிடக்கூடும். மேடைகளிலும் வீரவணக்க உரைகளிலும் இந்த எண்ணமே திரும்பத் திரும்ப ஒலிக்கிறது.

இவற்றோடு 264, 242, 235ஆம் பாடல்களையும் சேர்த்துப் படிக்கும்போது வேறொன்று தெரியவரும். தியாகம் என்ற சொல்லுக்குப் பொருள் தருவது, இழந்தது எவ்வளவு என்ற கணக்குதான். அந்தக் கணக்கைச் சொல்லாமல் துணிவை மட்டும் புகழ்ந்தால், இறந்தவன் எதைக் கொடுத்தான் என்பது கேட்பவருக்குத் தெரியாமலே போகும். கல்லில் பெயர் வேண்டும்; அது ஊரின் கடமை. இளம்பொன் வாணிகனார் கல்லுக்கு மாலையும் பீலியும் சூட்டியதைச் சொல்லி முடித்த பிறகும் பாடலை நிறுத்தாமல், பாணர் வரும் வழியைப் பார்த்தார். அவர்கள் வந்தால் என்ன சொல்லுவது என்ற கேள்விக்கு அவரிடமும் விடை இல்லை.