அடைபடாத கதவு

கி.பி. 250-இல் உரோமைப் பேரரசன் தேசியுஸ், தெய்வங்களுக்குப் பலியிட்டுச் சான்றிதழ் பெறுமாறு அனைவருக்கும் ஆணையிட்டான். கார்த்தேஜ் நகரில் திரளான கிறிஸ்தவர் பணிந்தனர். சிலர் கையூட்டுக் கொடுத்துச் சான்றிதழ் மட்டும் பெற்றனர். புயல் ஓய்ந்ததும் அவர்கள் திருச்சபையின் கதவைத் தட்டினர். மன்னிப்பு உண்டா?

ஆயர் புனித சிப்பிரியான் 251-இல் இலத்தீனில் எழுதிய ‘வழுவியோரைக் குறித்து’ என்னும் நூல் இவ்வினாவை எதிர்கொள்கிறது. உரோமையில் நொவாசியன் கதவை அடைத்தார். விசுவாசத்திற்காகச் சிறைப்பட்டோரின் பரிந்துரைச் சீட்டே போதுமென்றனர் வேறு சிலர். சிப்பிரியான் இரண்டையும் ஏற்கவில்லை. எளிய மன்னிப்பு காயத்தை மூடுமேயன்றி ஆற்றாது என்பதே இந்நூலின் உயிர்நாடி.

குறையும் உண்டு. தகுதியின்றி நற்கருணை உட்கொண்டோர் உடனே தண்டனையுற்றதாக அவர் அடுக்கும் நிகழ்ச்சிகள் அச்சத்தை வளர்க்கின்றன, மனத்துயரை அல்ல. ஆயினும், தலைமறைவாயிருந்து மந்தையை நடத்திய அவ்வாயர், விழுந்தோரோடு தாமும் விழுந்தவராய் அழும் பகுதிகள் நெஞ்சைத் தொடுகின்றன.

நமது சேர்வராயன் மலைச் சரிவில் காப்பிச் செடி நட்ட ஆண்டே காய்ப்பதில்லை. நிழல் மரத்தடியில் மூன்று நான்கு ஆண்டுகள் வளர்ந்தே பலன் தருகிறது. இறையருள் அந்நிழல், தவமுயற்சி அவ்வளர்ச்சி. மீண்டும் வேதகலாபனை நெருங்கியபோது, தவம் செய்து காத்திருந்தோரைச் சிப்பிரியானும் உடன் ஆயர்களும் சேர்த்துக்கொண்டனர். 258-இல் அவரே தலை வெட்டுண்டு மறைசாட்சியானார்.

தவக்காலத்தில் ஏற்காட்டு ஆலயத்தில் ஒப்புரவு வேண்டி மண்டியிடும் நமக்கு, அன்று அடைபடாமல் காக்கப்பட்ட அக்கதவே திறந்திருக்கிறது.