தாளுக்கு முன் ஒரு பார்வை

பிரவுசரில் செய்யும் எதையும் பெரும்பாலும் திருப்பிக்கொள்ளலாம். தவறான பக்கம் திறந்தால் பின்னால் போகலாம், மூடிய டேபை மறுபடி திறக்கலாம், அடித்த எழுத்தை அழிக்கலாம். பிரின்ட் மட்டும் அப்படி இல்லை. பொத்தானை அழுத்தியதும் டோனர் உருகித் தாளில் ஒட்டிவிடுகிறது. அது மறுபடி வெள்ளைத் தாள் ஆகப்போவதில்லை. அதனால்தான் ‘கன்ட்ரோல் பி’ அழுத்தியதும் விரியும் அந்தச் சின்னப் பலகைக்கு மற்ற எந்தத் திரையையும்விடப் பொறுப்பு அதிகம். அதை எளிமையாக அமைப்பது ஒரு கலை. அந்தக் கலையின் தரத்தை உரசிப் பார்க்க வடிவமைப்பாளரின் மேசையைவிடக் கோலார் தங்கவயலின் ஜெராக்ஸ் கடைகளே பொருத்தமானவை.

2001 பிப்ரவரி 28-ல் பாரத் கோல்டு மைன்ஸ் மூடப்பட்ட பிறகு, சுரங்கத்தை நம்பியிருந்த குடும்பங்களில் பல பெங்களூரு ரயிலை நம்பத் தொடங்கின. மாரிக்குப்பத்திலும் சாம்பியனிலும் கோரமண்டலிலும் உரிகத்திலும் விடிவதற்கு முன்பே ஏறுகிறவர்கள் இருட்டிய பிறகுதான் ஊர் திரும்புகிறார்கள். பெங்களூரில் கேட்கும் காகிதம் எல்லாம் ராபர்ட்சன்பேட்டையிலும் ஆண்டர்சன்பேட்டையிலும் பிரின்ட் ஆக வேண்டும்: பயோடேட்டா, ஹால் டிக்கெட், ஆதார், ஓய்வூதியக்காரர்களின் உயிர்வாழ் சான்று. வாட்ஸ்அப்பில் வந்த கோப்பும், மின்னஞ்சலில் கிடக்கும் கோப்பும், அரசுத் தளத்திலிருந்து இறக்கியதும் பெரும்பாலும் பிரவுசர் வழியாகத்தான் தாளுக்குப் போகின்றன.

கடைக்காரருக்கு ஒரு கோப்புக்குச் சில நொடிகள்தான். அவசரம் ஒரு பக்கம், வீணாகும் தாளுக்குக் கணக்கு இன்னொரு பக்கம். இந்த இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்து பார்த்தால் கூகுள் குரோமின் பிரின்ட் பலகை எவ்வளவு நுட்பமாக யோசித்துச் செய்யப்பட்டது என்பது புலப்படும்.

அதில் மிகப் பெரிய இடத்தை எடுத்துக்கொள்வது எந்தத் தேர்வும் இல்லை, பக்கத்தின் படம்தான். விண்டோஸிலும் லினக்ஸிலும் 2011 ஆகஸ்டில் வந்த குரோமின் 13-ஆம் பதிப்போடு இந்த முன்தோற்றம் வந்து சேர்ந்தது. அதற்கு முன் விண்டோஸின் சாம்பல் நிறப் பெட்டி திறக்கும். அதற்குள் பிரின்டர் கம்பெனிக்காரரின் இன்னொரு பெட்டி. அதற்குள் நாலைந்து தாவல்கள். தாள் வெளியே வரும்வரை அது எப்படி இருக்கும் என்று கண்ணால் பார்க்க வழியில்லை. திரையில் காண்பதே தாளில் வரவேண்டும் என்ற எண்ணம் அதற்கு ரொம்ப காலம் முந்தியது. ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வுக்கூடத்தில் கேரி ஸ்டார்க்வெதர் 1971-ல் லேசர் பிரின்டரை உருவாக்கினார். அதே கூடத்தில் 1974-ல் பட்லர் லாம்ப்சனும் சார்லஸ் சிமோனியும் பிராவோ என்ற எழுதும் மென்பொருளில் அந்த எண்ணத்தைச் செய்து காட்டினார்கள். பிரவுசருக்கு அது இவ்வளவு தாமதமாக வந்ததுதான் வியப்பு.

தங்கவயலில் இந்தப் படத்துக்கு இன்னொரு மதிப்பு உண்டு. இங்கே கடை வாசலில் தமிழும் கன்னடமும் தெலுங்கும் உருதுவும் கலந்து கேட்கும். பலகையில் இருப்பதோ பெரும்பாலும் ஆங்கிலம். கடைக்காரர் திரையை வாடிக்கையாளர் பக்கம் திருப்பினால் போதும். “அண்ணா, ரெண்டாவது பக்கம் வேணாம்” என்று கை நீட்டிக் காட்டிவிடலாம். ‘லேஅவுட்’ என்றால் என்ன என்று தெரியாத பாட்டிக்கும் படம் குறுக்கே கிடக்கிறதா நெடுக்கே நிற்கிறதா என்பது தெரியும். படிக்கத் தேவையில்லாத ஒன்றை நடுவில் பெரிதாக வைத்து, படித்தே ஆகவேண்டியவற்றை ஓரத்தில் ஒதுக்கியதுதான் இந்தப் பலகையின் முதல் சிறப்பு.

இரண்டாவது சிறப்பு சின்னது. ஆனால் ரசிகர்கள் நின்று பார்க்க வேண்டியது. பலகையின் மேல் மூலையில் ஒரு எண் இருக்கிறது. பிரின்டரைத் தேர்ந்தெடுத்திருந்தால் எத்தனை தாள் என்று சொல்லும். பிடிஎஃப்பாகச் சேமிக்கத் தேர்ந்தெடுத்தால் அதே இடம் எத்தனை பக்கம் என்று மாறும். கீழே உள்ள ‘பிரின்ட்’ பொத்தானும் ‘சேவ்’ ஆகிவிடும். இருபுறமும் அடிக்கச் சொன்னால் தாளின் எண் பாதியாகும். இரண்டு பிரதி என்றால் இரட்டிக்கும். பக்கம் என்பது வாசிக்கிறவரின் கணக்கு, தாள் என்பது காசு கொடுப்பவரின் கணக்கு. எந்த நேரத்தில் எது வேண்டும் என்று தெரிந்து வைத்த எண் அது.

பக்க எண்ணை எழுதும் கட்டமும் அப்படித்தான். ஒன்று முதல் ஐந்து, எட்டு, பதினொன்று முதல் பதின்மூன்று என்று ஒரு மாதிரி அதற்குள்ளேயே மங்கலாக எழுதியிருக்கும். விளக்கவுரை எதுவும் கிடையாது. மூன்று பக்கக் கோப்பில் நான்காம் பக்கத்தைக் கேட்டால், எல்லை மூன்று என்று அங்கேயே சிவப்பில் சொல்லிவிட்டு, திருத்தும்வரை பிரின்ட் பொத்தானை முடக்கி வைக்கிறது. தாள் போன பிறகு சொல்லப்படும் பிழைச் செய்தியால் யாருக்கும் பயனில்லை.

பொத்தானின் இடத்தையும் கவனிக்கலாம். தொடக்க காலத்தில் அது பலகையின் உச்சியில் இருந்தது. பிறகு வந்த மறுவடிவமைப்பில் கீழே இறங்கியது. கண் எல்லாத் தேர்வுகளையும் கடந்த பிறகுதான் இப்போது கை பொத்தானுக்கு வருகிறது. திருப்பிக்கொள்ள முடியாத செயலுக்கு இதுதான் சரியான வரிசை.

எளிமை என்றால் தேர்வுகளைக் குறைப்பது என்று நினைப்பவர்கள் உண்டு. இந்தப் பலகை எதையும் பெரிதாகக் குறைக்கவில்லை. பிரின்டர், பக்கங்கள், பிரதிகள், நிறம் போன்ற சிலவற்றை முன்னால் வைத்து, தாள் அளவு, மார்ஜின், ஸ்கேல் போன்றவற்றை ‘மோர் செட்டிங்ஸ்’ என்ற மடிப்புக்குள் வைத்தது. பொருந்தாததைக் காட்டுவதில்லை: பிடிஎஃப் கோப்பைத் திறந்து பிரின்ட் கொடுத்தால் மார்ஜினும் தலைப்பு–அடிக்குறிப்பும் பலகையிலேயே இருக்காது, ஏனென்றால் பிடிஎஃப்பின் ஓரங்கள் ஏற்கெனவே முடிவானவை. கடைசியில் பழைய விண்டோஸ் பெட்டிக்குப் போக ஒரு வழியும் விட்டு வைத்திருக்கிறது. பிரின்டரின் தனிப்பட்ட வசதிகள் வேண்டியவருக்கு அந்த வழி தேவைதான்.

மடிப்புக்குள் இருப்பவற்றில் ஆழமானது தாள் அளவு. ஏ4 என்பது 210-க்கு 297 மில்லிமீட்டர். நீளத்துக்கும் அகலத்துக்கும் உள்ள விகிதம் இரண்டின் வர்க்கமூலம். பாதியாக மடித்தாலும் அந்த விகிதம் மாறாது. ஜெர்மானிய அறிவியலாளர் லிக்டன்பெர்க் 1786-ல் ஒரு கடிதத்தில் சுட்டிய அழகு இது. 1922-ல் ஜெர்மனி இதைத் தரமாக்கியது. ஒரு தாளில் இரண்டு பக்கம் என்று தேர்ந்தெடுத்தால் இடம் வீணாகாமல் பொருந்துவது இந்தக் கணக்கால்தான்: ஒவ்வொரு பக்கமும் ஏறத்தாழ 71 விழுக்காடாகச் சுருங்கித் தாளின் பாதியில் அச்சாகச் சேருகிறது. தேர்வுக்கு முந்தைய நாள் நோட்ஸ் எடுக்க வரும் கல்லூரிப் பிள்ளைகளுக்கு இது பாதிச் செலவு. 11 புள்ளி எழுத்து 8-க்கும் கீழே போய்விடும். ‘ண’வின் சுழிகளை எண்ண இளங்கண் வேண்டும்.

அமெரிக்கர்களின் லெட்டர் தாள் 216-க்கு 279. ஏ4-ஐவிட 18 மில்லிமீட்டர் குட்டை. கம்ப்யூட்டரில் வட்டாரம் அமெரிக்க ஆங்கிலம் என்று விடப்பட்டிருந்தால் லெட்டர் தானாக வந்து உட்காரும். ஏ4 பக்கம் அதற்குள் அடங்க 6 விழுக்காடு சுருங்க வேண்டியிருக்கும். பயோடேட்டாவுக்கு அது பரவாயில்லை. நீட் அனுமதி அட்டையில், 4 அங்குலத்துக்கு 6 அங்குல அஞ்சலட்டை அளவுப் புகைப்படம் ஒட்டும் கட்டம் ஒன்று உண்டு. ஸ்கேல் 90 ஆனால் அது 3.6-க்கு 5.4 ஆகிவிடும், ஸ்டுடியோவிலிருந்து எடுத்து வந்த படம் கோட்டைத் தாண்டி நிற்கும்.

மொசில்லா ஃபயர்ஃபாக்ஸும் 2021 தொடக்கத்தில் தன் பிரின்ட் பலகையைத் துப்புரவாக மாற்றி அமைத்தது. அதில் ஒரு வசதி குரோமைவிட மேல்: பல பக்கங்களுக்கு ‘சிம்ப்ளிஃபைட்’ என்ற தேர்வு கிடைக்கிறது. மெனுவும் விளம்பரமும் ஓரப்பட்டையும் போய், செய்தி மட்டும் நிற்கும். தாளுக்கென்று தனி வடிவம் எழுதும் வசதியை இணையத் தரமான சிஎஸ்எஸ் 1998-லேயே கொடுத்துவிட்டது. அதைப் பயன்படுத்தாத தளங்கள் இன்றும் நிறைய. ஒரு பத்திச் செய்திக்கு மூன்று தாள் போகிறது. தளம் செய்யாமல் விட்டதைப் பிரவுசர் செய்து கொடுக்கும் இந்தக் கருணை பாராட்டுக்குரியது.

குரோமின் பலகை ஓர் இடத்தில் தடுமாறுகிறது. அது ஒருவரின் சொந்தக் கம்ப்யூட்டரை மனதில் வைத்துச் செய்யப்பட்டது. போன முறை வைத்த மார்ஜின், ஸ்கேல், நிறம் ஆகியவற்றை நினைவில் வைத்துக்கொள்கிறது. வீட்டில் அது உதவி. நாள் முழுக்க வேறு வேறு ஆட்கள் வரும் கடையில், முன்னால் வந்தவருக்காக 80 ஆக்கிய ஸ்கேல் அடுத்தவரின் ஹால் டிக்கெட்டுக்கும் தொடரும். அந்த எண் இருப்பதோ மடிப்புக்குள். நினைவில் வைப்பதும் சரி, மறைத்து வைப்பதும் சரி. இரண்டையும் சேர்த்துச் செய்வதுதான் தவறு. இயல்பு நிலையிலிருந்து ஏதாவது மாறியிருந்தால் மடிப்புக்கு வெளியே, தாள் எண்ணுக்குப் பக்கத்தில், ‘ஸ்கேல் 80’ என்று ஒரே ஒரு சொல் தெரிந்தால் போதும். பிரதிகளின் எண்ணிக்கையை மட்டும் அது ஒவ்வொரு முறையும் ஒன்றுக்கே திருப்பிவிடுகிறது. அந்த விவேகத்தை ஸ்கேலுக்கும் நீட்டலாம்.

அண்மைப் பதிப்புகளில் சேர்ந்த ஒரு தேர்வு, வடிவமைப்பாளர்கள் இப்படிப்பட்ட கடைகளையும் எண்ணிப் பார்க்கிறார்களோ என்று நினைக்க வைக்கிறது. பக்கங்கள் பட்டியலில் ‘ஒற்றைப்படை மட்டும்’, ‘இரட்டைப்படை மட்டும்’ என்று இரண்டு வரிகள் வந்தன. இந்தியக் கடைகளில் அதிகம் உழைக்கும் எச்பி லேசர்ஜெட் 1020-க்குத் தானாகத் தாளைத் திருப்பிப் போடும் வசதி கிடையாது. பேக் டு பேக் கேட்டால் முன்பெல்லாம் 1, 3, 5 என்று கையால் அடிக்க வேண்டும். இப்போது ஒற்றைப்படையை ஓட்டிவிட்டு, வந்த கட்டைத் திருப்பித் தட்டில் வைத்து, இரட்டைப்படையைக் கொடுக்கிறார்கள். எந்தப் பக்கம் மேலே, எந்த முனை உள்ளே என்பதைப் பிரவுசர் சொல்வதில்லை. அது கடைக்காரரின் கைக்குத் தெரியும்.