கை மறக்காத ஊர்

பாட்டி மோசஸின் ஓவியங்களில் கையைக் கட்டிக்கொண்டு சும்மா நிற்கும் ஆளைக் காண்பது அரிது. ஒருவர் விறகு சுமப்பார், இன்னொருவர் குதிரை பூட்டுவார், பெண்கள் கூடி மெழுகுவத்தி வார்ப்பார்கள். பழைய கிராமத்தை நினைத்து ஏங்கும் படங்களுக்கு அமெரிக்காவில் பஞ்சமில்லை. ஆனால் அந்த வேலைகளையெல்லாம் செய்து காய்ப்பேறிய கை வரைந்த படங்கள் என்பதால் இவருடையவை தனித்து நிற்கின்றன.

பின்னாளில் பாட்டி மோசஸ் என்று அறியப்பட்ட அன்னா மேரி ராபர்ட்சன் 1860இல் நியூயார்க் மாநிலத்தின் கிரீன்விச்சில் ஒரு பண்ணைக் குடும்பத்தில் பிறந்தார். 12 வயதில் அயலார் வீட்டு வேலைக்குப் போனார். 1887இல் தாமஸ் மோசஸை மணந்து வர்ஜீனியாவில் பண்ணை வேலை செய்தார். 1905இல் குடும்பம் மறுபடி வடக்கே வந்து நியூயார்க் மாநிலத்தின் ஈகிள் பிரிட்ஜில் குடியேறியது. முதுமையில் கம்பளி நூலால் படங்கள் தைத்துவந்தவர், மூட்டுவலியால் ஊசி பிடிக்க முடியாமல் போனபோதுதான் முழுமூச்சாகத் தூரிகையை எடுத்தார். அப்போது வயது எழுபதுகளின் பிற்பகுதி. 1938இல் ஹூசிக் ஃபால்ஸ் ஊர் மருந்துக்கடையில் வைத்திருந்த அவருடைய படங்கள் லூயிஸ் கால்டர் என்ற சேகரிப்பாளரின் கண்ணில் பட்டன. 1940இல் ஓட்டோ கல்லிர் தமது நியூயார்க் காட்சியகத்தில் அவருக்குத் தனிக் கண்காட்சி வைத்தார். முதல் தனிக் கண்காட்சி, 80 வயதில்!

அவர் வேலை செய்த முறையே ரசிக்கத்தக்கது. மேசனைட் என்ற மரநார்ப் பலகைக்கு வெள்ளை பூசி, மேசையில் படுக்கவைத்து, மேலிருந்து கீழே வருவார். முதலில் வானம், பிறகு மலை, மரங்கள், வீடுகள், மனிதர்கள் கடைசியில். ஊசிப் பழக்கம் கையை விட்டுப் போகவே இல்லை. நிறங்களைக் குழைத்து இழுக்காமல், சின்னச் சின்னத் தொடுகைகளாகப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறார். கிட்டத்தில் பார்த்தால் தையல். தள்ளி நின்றால் மலைச்சரிவு.

1943இல் வரைந்த 'சுகரிங் ஆஃப்' (மேப்பிள் பாகு காய்ச்சுதல்) படத்தை எடுத்துக்கொள்வோம். குளிர்காலம் முடியும் தறுவாயில், இரவில் உறைந்து பகலில் இளகும் நாட்களில்தான் மேப்பிள் மரத்தில் சாறு ஓடும். சுமார் 40 லிட்டர் சாற்றைக் காய்ச்சினால் 1 லிட்டர் பாகு தேறும். ஆகவே அது ஒருவர் செய்து முடிக்கிற காரியமல்ல. படத்தில் பனி மூடிய தோப்பெங்கும் ஆட்கள். வாளிகளில் சாறு வருகிறது, நெருப்பின்மேல் கொப்பரை கொதிக்கிறது, பனியில் ஊற்றி இறுகிய பாகுக்குக் குழந்தைகள் மொய்க்கிறார்கள். ஆட்களின் முகங்களில் நுணுக்கம் இல்லை, அவர்களுக்கு நிழலும் இல்லை. ஆனாலும் யார் என்ன செய்கிறார் என்பதில் ஐயமே வராது. உடம்பு வளையும் விதம் வேலையைச் சொல்லிவிடுகிறது. மனிதர்களை இப்படிச் சுருக்கிவிட்டவர், குளிர்கால ஒளியிலும் தூரத்து மலையின் மங்கல் நீலத்திலும் கொஞ்சமும் சுருக்குவதில்லை. கூட்டத்தின் கலகலப்புக்குப் பின்னால் குளிர் உண்மையாக இருப்பதால்தான் அந்த நெருப்பின் அருமை நமக்குத் தெரிகிறது.

துயரத்தை மறைத்துவிட்டார் என்று அவரைக் குறை சொல்வதுண்டு. பெற்ற 10 பிள்ளைகளில் 5 பேரைப் பறிகொடுத்த தாய்க்குத் துயரத்தை யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. எதை நினைவில் நிறுத்துவது என்று அவர் தேர்ந்துகொண்டார். பலர் சேர்ந்து ஒரு காரியத்தை முடிக்கும் நாளைத் தேர்ந்துகொண்டார். அந்தத் தேர்வில் நான் ஒரு கலைஞரின் துணிவைக் காண்கிறேன்.

1961இல், 101 வயதில் அவர் மறைந்தபோது வரைந்து முடித்தவை 1,500க்கும் மேல். வாழ்த்து அட்டைகளில் சிறுத்துப்போன பிரதிகளைப் பார்த்து, வெறும் இனிப்பு என்று அவரை ஒதுக்கியவர்கள் பலர். அசலின் அளவில் ஒவ்வொரு ஆளாகத் தொடர்ந்து பார்ப்பவருக்கு, ஒரு பண்ணைச் சமூகம் எப்படி உண்டு உடுத்துக் குளிரைத் தாண்டியது என்ற முழு அறிவும் அங்கே இருக்கிறது. ஏக்கத்துக்கு இவ்வளவு நுட்பமான அறிவைத் துணை சேர்த்த ஓவியர்கள் மிகச் சிலரே.