வாடும் கையுறை

கரியாஹாட் நாற்சந்தியில் நகைக்கடைக் கண்ணாடிக்குள் இதய வடிவான வெள்ளிப் பதக்கம் ஒன்றைக் கண்டபோது நமக்கு ஸ்காட்லாந்தின் 'லக்கன்பூத்' நினைவுக்கு வந்தது. எடின்பரோ நகரில் புனித கைல்ஸ் தேவாலயத்தை ஒட்டியிருந்த, பூட்டி வைக்கத்தக்க சிறுகடைகளின் பெயரே அந்த வெள்ளி ஊசிப் பதக்கத்திற்கும் அமைந்தது. காதலன் காதலிக்கு அளிப்பான். பின்னர்க் கண்ணேறு படாதிருக்க அதனையே குழந்தையின் ஆடையில் குத்துவர். காதல் முடிந்து இல்லறம் வந்தபின்னும் பயன்படும் பொருள்!

நம் சங்கப் புலவர் காட்டும் காதற்பரிசு இத்தகையதன்று. கையுறை என்பது பெரும்பாலும் பூவும் தழையும்தான். இடையில் உடுக்கும் தழையாடை இரண்டொரு நாளில் சருகாகும். இதனை வெறும் துறை மரபு என்றும், தோழியைத் தூது செல்பவள் என்றும் கூறி நகர்ந்துவிடுவோர் உளர். நமக்கு அது உடன்பாடன்று.

குறுந்தொகையின் முதற்பாட்டிலேயே திப்புத்தோளாரின் தோழி கையுறையை மறுக்கிறாள். செங்காந்தள் எங்கள் குன்றிலேயே மிகுதி என்பது அவள் கூறும் காரணம். வேண்டாம் என்ற சொல் அதில் இல்லை. எனினும் மறுப்பு மறுப்பே. ஐங்குறுநூற்றின் 211ஆம் பாட்டிலோ, அசோகந்தழை வாடுகின்றதே என்று தோழி இரங்குகிறாள். ஏற்றுக்கொள் என்பது குறிப்பு. ஏற்பதும் மறுப்பதும் பெண்டிர் பக்கமே நிற்கின்றன.

இவ்வகையில் தலைசிறந்தது, 1915ஆம் ஆண்டில் பின்னத்தூர் நாராயணசாமி ஐயர் உரையுடன் வெளிவந்த நற்றிணையின் 359ஆம் பாட்டு. பாடியவர் கபிலர். தழையை உடுத்தால் தாய்க்கு அஞ்ச வேண்டும். திருப்பித் தந்தால் அவன் படும் துன்பத்திற்கு அஞ்ச வேண்டும். இவ்விரண்டிற்கும் இடையே தழை வாடிவிடுமோ என்கிறாள் தோழி. அதுவும் எளிதில் கிடைத்த தழையா? வருடை மானும் தாவாத, அணங்கு உறையும் மலைச்சரிவில் அவன் பறித்து வந்தது.

ஈண்டு ஒன்று கருதத்தக்கது. 'நீ அஞ்சுவாய்' என்று தோழி கூறவில்லை. 'நாம் அஞ்சுவோம்' என்றே கூறுகிறாள். தூது செல்பவளுக்கு இந்த அச்சத்தில் பங்கு ஏது? பொன்னாயின் பெட்டியில் ஒளித்து வைக்கலாம், நாள் கடத்தலாம். கம்பனின் கணையாழி கடல் கடந்தும் கெடாமல் சீதையைச் சேர்கிறது. தழைக்கு அந்த வசதி இல்லை. இன்றே முடிவு செய்தாக வேண்டும்.

இனி, பாட்டின் தொடக்கம். காந்தட்குலையில் உராய்ந்து பூந்தாது படிந்த பசுவைக் கண்டு, அதன் கன்றே தன் தாய்தானா என மருள்கிறது. இதனை வெறும் மலைவருணனையாகக் கொள்ளலாகாது. தழை உடுத்து மனைக்கு வரும் மகளைக் கண்டு தாய் அவ்வாறே மருள்வாள் என்பதனைக் கபிலர் முன்னரே உணர்த்திவிட்டார் என்பது நம் துணிபு. ஊர்விட்டு வந்து இந்நகரில் பெண்மக்களை வளர்க்கும் நம்மில், மகள் விரலில் புதிய மோதிரம் கண்டு 'ஏதடி இது?' என்று கேளாதவர் யார்? கபிலரின் தாயோ பாட்டில் வாய் திறக்கவே இல்லை. தழை இன்னும் உடுக்கப்படவும் இல்லை.