காலி வீதிகள்: ஒரு திருத்தம்

நான்கு வருஷங்களுக்கு முன் நண்பர்கள் சிலர் கூடியிருந்த ஒரு மாடி அறையில், பிரெஞ்சுப் புகைப்படக்காரர் யூஜீன் அட்ஜே பற்றி நாற்பது நிமிஷம் பேசினேன். அட்ஜேயின் பாரிஸ் வீதிகளில் மனிதர்களே இல்லை. நவீன நகரத்தின் வெறுமையை முதலில் கண்டுகொண்ட கண் அவருடையது. நம் புதுக்கவிதையில் நகரம் வருகிற விதத்துக்கும் இந்த வெறுமைக்கும் உறவு உண்டு. இதுதான் பேச்சின் சாரம். கேட்டவர்களுக்குப் பிடித்திருந்தது. எனக்கும்தான். அப்போது நான் பார்த்திருந்தது அவர் எடுத்ததில் ஐம்பது, அறுபது படங்கள். அவ்வளவும் மற்றவர்கள் பொறுக்கியெடுத்துப் புத்தகமாக்கியவை. பிறகு பாரிஸ் நகர மியூசியங்களும் பிரெஞ்சு தேசிய நூலகமும் இணையத்தில் வைத்திருக்கிற படங்களை, நூற்றுக்கணக்கில், வரிசையாகப் பார்த்தேன். அந்தப் பேச்சைத் திரும்பப் பெற்றுக்கொள்வதைத் தவிர வேறு வழி தெரியவில்லை.

முதலில் ஆள் யார் என்பது. அட்ஜே 1857-ல் போர்தோ அருகே லிபூர்னில் பிறந்தவர். சிறு வயதிலேயே பெற்றோரை இழந்தார். கப்பலில் வேலை பார்த்தார். நாடகப் பள்ளியில் படித்தார். ஊர் ஊராகப் போகிற குழுக்களில் சில்லறை வேஷங்கள் கட்டினார். அதுவும் ஓடவில்லை. சித்திரம் வரைந்து பார்த்துவிட்டு, 1890 வாக்கில் காமிராவுக்கு வந்தார். ‘கலைஞர்களுக்கான ஆவணங்கள்’ என்று வாசலில் பலகை போட்டுக்கொண்டார். ஓவியன் மரத்தைப் பார்த்து வரைய மரத்தின் படம். நாடக அரங்கம் அமைப்பவனுக்குப் பழைய முற்றத்தின் படம். இரும்பு வேலைக்காரனுக்கு மாடிப்படிக் கைப்பிடியின் படம். அப்புறம் நூலகங்களும் மியூசியங்களும் வாடிக்கையாயின. 1853 முதல் 1870 வரை பாரிஸின் ஆட்சியதிகாரியாக இருந்த ஓஸ்மான் இடித்துப்போட்டதில் தப்பியது, அந்த நூற்றாண்டின் கடைசியிலும் போய்க்கொண்டுதான் இருந்தது. பழைய பாரிஸைக் காப்பதற்கென்று 1897-ல் நகரசபை ஒரு குழுவையே அமைத்தது. போகிறதற்கு முன் பதிவு வேண்டும் என்ற இந்தக் கவலைதான் அட்ஜேக்குச் சோறு போட்டது. 1927-ல் சாகும்வரை, முப்பது வருஷத்துக்கு மேல், 18க்கு 24 சென்டிமீட்டர் கண்ணாடித் தகடுகளையும் மரக் காமிராவையும் முக்காலியையும் சுமந்துகொண்டு, 8000-க்கு மேற்பட்ட படங்கள் எடுத்தார்.

இனி, வெறுமை எங்கிருந்து வந்தது? அட்ஜே குடியிருந்த காம்பாஞ்-ப்ரெமியேர் தெருவிலேயே, சில கதவுகள் தள்ளி, மான் ரே என்ற சர்ரியலிஸ்டின் ஸ்டூடியோ. அவர் அட்ஜேயிடமிருந்து சுமார் ஐம்பது படங்கள் வாங்கினார்: துணிக்கடை பொம்மைகள், கண்ணாடியில் தெரியும் பிம்பங்கள், ஆளில்லாத மூலைகள். மான் ரேயிடம் உதவியாளராக இருந்த பெரனிஸ் அபட், அட்ஜே இறந்த பின் மிச்சமிருந்த தகடுகளையும் பிரதிகளையும் 1928-ல் விலைக்கு வாங்கிக் காப்பாற்றினார். 1930-ல் முதல் புத்தகம் வந்தது. மறு வருஷம், புகைப்படத்தின் வரலாறு பற்றிய தன் சிறு கட்டுரையில் வால்டர் பெஞ்சமின் அட்ஜேயைப் பற்றி எழுதினார். குற்றம் நடந்த இடத்தைப் படம் பிடிப்பதுபோல இந்த வீதிகள் எடுக்கப்பட்டிருக்கின்றன என்ற ஒப்புமை அவருக்குமுன் அந்தப் புத்தகத்தின் ஜெர்மன் பதிப்பு முன்னுரையிலேயே இருந்தது. பெஞ்சமின் அதை எடுத்து வளர்த்தார். அவர் நோக்கம் அரசியல். படத்துக்குக் கீழே வாசகம் எழுதுகிற பொறுப்பைப் புகைப்படக்காரன் ஏற்க வேண்டும் என்கிற இடத்துக்குத்தான் அவர் போகிறார். நம்மைப் போன்றவர்கள் அரசியலை விட்டுவிட்டு ஆளில்லாமையை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி மிகச் சாதாரணமானது. இந்த மனிதர் எத்தனை மணிக்கு வீட்டைவிட்டுக் கிளம்பினார்?

விடியற்காலையில். 1925-ல் ஸோ பூங்காவில் எடுத்த படங்களின் தலைப்பிலேயே மாதத்தையும் மணியையும் அவர் குறித்திருக்கிறார்: மார்ச், காலை 8 மணி, ஜூன், காலை 7 மணி. பூங்காவில் மட்டுமல்ல, வீதியிலும் அதுதான் அவர் நேரம். வண்டிகள் வருவதற்கு முன், கூட்டம் சேர்வதற்கு முன், கட்டடத்தின் முகம் மறைக்கப்படாமல் இருக்கிற நேரம். வாங்குகிறவருக்கு வேண்டியது கதவும் கைப்பிடியும் கடைப்பலகையும். எதிரே ஒரு வண்டி நின்றுவிட்டால் தகடு வீண், தகட்டுக்குக் காசு.

இன்னொன்று, அவருடைய சாதனம். சின்னத் துவாரத்தில் லென்ஸைக் குறுக்கி, பல விநாடிகள் திறந்து வைக்க வேண்டும். நிற்கிறவன் விழுவான், நடக்கிறவன் கரைந்துபோவான். அட்ஜேயின் பல ‘காலி’ வீதிகளில் உற்றுப் பார்த்தால் நடைபாதையில் ஒரு புகைத்திட்டு இருக்கும், சில சமயம் அதற்கு இரண்டு கால்கள்கூட இருக்கும். புகைப்படத்தின் தொடக்கத்திலேயே இது நடந்திருக்கிறது. 1838-ல் டாகேர் தன் ஜன்னலிலிருந்து எடுத்த பூல்வார் து தாம்ப்ள் படத்தில், நெரிசலான அந்தச் சாலை வெறிச்சென்று கிடக்கிறது. ஓர் ஓரத்தில் மட்டும் ஒரு மனித உரு, செருப்புத் துடைத்துக்கொள்ளக் காலை நீட்டி நின்றவன், கூடவே துடைக்கிறவனின் மங்கலான உரு. நகர்ந்த அத்தனை பேரும் இல்லாமல் போனார்கள். அந்தச் சாலையில் வெறுமை என்று யாராவது சொன்னால், அன்று அங்கே வியாபாரம் செய்தவன் சிரிப்பான்.

காலி வீதி என்பது அட்ஜேயின் மனநிலை அல்ல. அது அவருடைய தொழில்நேரம், அவருடைய லென்ஸ், அவருடைய வாடிக்கைக்காரர். இதைச் சொன்னவுடன், கலையைக் கணக்குப் புத்தகமாகக் குறுக்குகிறாய் என்று நண்பர் ஒருவர் கோபித்துக்கொண்டார். அந்தக் கோபத்துக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

நகரத்தில் அலைகிறவன் என்ற உருவத்தை நமக்குக் கொடுத்தவர் போதலேர். 1863-ல் வந்த நவீன வாழ்க்கையின் ஓவியன் பற்றிய கட்டுரையில், கூட்டத்தின் நடுவில் வேலையற்று உலாவி, அதையே தன் வேலையாகக் கொண்டவனை அவர் கொண்டாடுகிறார். பிற்பாடு காமிராவோடு தெருவில் இறங்கிய எல்லோரையும் விமர்சகர்கள் இந்தச் சட்டத்துக்குள் பொருத்தினார்கள். சூசன் ஸோண்டாக் 1977-ல் வந்த தன் புத்தகத்தில், புகைப்படக்காரனை ஆயுதம் தரித்த உலாவியாகவே காண்கிறார். அந்த வரிசையில் அட்ஜேயும் வருகிறார். ஆனால் இதே போதலேர் 1859-ன் ஓவியக் கண்காட்சி விமர்சனத்தில் புகைப்படத்தைக் கடுமையாகச் சாடியிருக்கிறார். கலை என்று அது தலைதூக்கக் கூடாது. சிதைந்து வருகிற கட்டடங்களையும் அழியப்போகிற ஏடுகளையும் பதிந்துவைக்கிற குமாஸ்தா வேலையை அது செய்யட்டும், நன்றியோடு இருப்போம் என்கிற தொனி அதில்.

இது வசையாகச் சொல்லப்பட்டது. அட்ஜே இந்த வசையை அப்படியே உத்தியோகமாக ஏற்றுக்கொண்டார் என்றுதான் எனக்குப் படுகிறது. அவர் போதலேரின் உலாவி அல்ல. உலாவிக்குப் போகுமிடம் தெரியாது, அட்ஜேக்குத் தெரியும். கையில் முகவரிக் குறிப்பு; எந்த வாடிக்கைக்காரர் எந்த நேரத்தில் இருப்பார் என்பது உட்பட எழுதிய நோட்டு; தகடுகளில் கீறிய வரிசை எண்கள்; தொழில்கள், வண்டிகள், கடைப்பலகைகள், நகர மதிலுக்கு வெளியே வாழ்ந்தவர்கள் என்று பொருள்வாரியாகப் பிரித்த ஆல்பங்கள். நான் பகலில் வங்கியில் செய்கிற வேலைக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. பேரேட்டுக்காரன் ஒருவனைத்தான் நான் அந்த மாடி அறையில் துறவியாக்கினேன்.

இந்த எண்களைப் பற்றி ஒரு பெரிய சர்ச்சை நடந்திருக்கிறது. அபட்டிடமிருந்து அட்ஜேயின் சேகரிப்பை 1968-ல் வாங்கிய நியூயார்க் நவீனக் கலை மியூசியம், 1981-லிருந்து 1985 வரை நான்கு தொகுதிகளாக அவரை வெளியிட்டது. ஜான் ஸர்கோவ்ஸ்கி அதில் அட்ஜேயை ஒரு மகா கலைஞனாக, ஆரம்பம், முதிர்ச்சி, உச்சம் என்று வளர்கிற ஓர் ஆசிரியனாக நிறுவினார். ரோஸலிண்ட் க்ராஸ் 1982-ல் இதை மறுத்தார். அந்த எண்கள் ஓர் ஆத்மாவின் பயணத்தைச் சொல்லவில்லை, நூலக அட்டவணையின் தலைப்புகளைச் சொல்கின்றன. ஆவணக் காப்பகத்தில் இருந்ததைக் கலைக்கூடச் சுவரில் மாட்டிவிட்டு ‘ஆசிரியன்’ என்கிறோம் என்பது அவர் வாதம். க்ராஸ் சொல்வதில் உண்மை அதிகம். ஆனாலும் ஒன்று மிச்சமிருக்கிறது. அட்டவணை எந்தப் பொருளை எடுக்க வேண்டும் என்று சொல்லும். முக்காலியை எங்கே ஊன்ற வேண்டும் என்று சொல்லாது. அட்ஜேயின் படங்களில் மேல்மூலைகள் இரண்டும் சில சமயம் கருத்து வளைந்திருக்கும். கூரை உள்ளே வரவேண்டும் என்று லென்ஸை அதன் எல்லைக்கு மேல் உயர்த்தியதால் வந்த கறுப்பு. கூரை வேண்டும், மூலை கெட்டாலும் பரவாயில்லை என்பது ஒரு முடிவு. இப்படிப்பட்ட முடிவுகளை ஆயிரக்கணக்கில், யாரும் பாராட்டாமல், எடுத்தவனை என்ன பெயர் சொல்லி அழைப்பது? கலைஞன் என்ற சொல் பெரிதாக இருக்கிறது, ஆவணக்காரன் என்பது போதவில்லை.

ஆளில்லை என்கிற பேச்சுக்கு நேர் மறுப்பாக இருக்கிற படங்களைச் சொல்லாமல் முடியாது. 1898 முதல் 1900 வரையிலான சில்லறைத் தொழில்கள் வரிசை முழுக்க மனிதர்கள். கைச்சுழற்சி ஆர்கன் வாசிக்கிற தாடிக்கிழவன். அவன் பக்கத்தில் வானத்தைப் பார்த்துச் சிரித்துப் பாடுகிற பெண். விளக்குக் கூண்டு விற்கிறவன். மலையளவு மூட்டை ஏற்றிய வண்டியை இழுக்கிற குப்பை பொறுக்கி. நகர மதிலுக்கு வெளியே தகரக் குடிசைகளில் வாழ்ந்தவர்கள் இன்னொரு வரிசை. 1921-ல் லா வில்லெத்தில், தன் வாசலில் வாடிக்கைக்குக் காத்திருக்கிற ஒரு பெண், காமிராவை நேராகப் பார்க்கிறாள். இவர்களெல்லாம் அட்ஜே கேட்டதால் அசையாமல் நின்றவர்கள். பேசிச் சம்மதம் வாங்காமல் இந்தப் படங்கள் வந்திருக்க முடியாது.

எனக்கு இப்போது மிகவும் வேண்டியதாக இருப்பது 1908-ல் எடுத்த ஒன்று. தூர்னெல் கரையில், 63-ம் இலக்கத்தில், ‘ஓ தாம்பூர்’ என்ற குடிக்கடையின் முகப்பு. கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் நின்று ஒரு முகம் வெளியே பார்க்கிறது, என்ன செய்கிறான் இவன் என்று. அதே கண்ணாடியில் முக்காலியும் காமிராவும் நிழலாக விழுந்திருக்கின்றன. பார்க்கிறவனும் பார்க்கப்படுகிறான் என்று தத்துவம் பேச இடம் உண்டு, நான் பேசப்போவதில்லை. ஒருவன் கடை வாசலில் வேலை செய்கிறான், கடைக்குள் இருப்பவன் வேடிக்கை பார்க்கிறான். எந்த வீதியிலும் நடப்பது.

இதையெல்லாம் படித்துத் தெரிந்துகொண்டேன் என்று சொல்லிவிட முடியாது. ஒரு வருஷம் ஞாயிறுதோறும் காலையில் போன் காமிராவோடு பாரிமுனைப் பக்கம் போய்வந்தேன். லிங்கிச் செட்டித் தெருவிலும் தம்புச் செட்டித் தெருவிலும் இழுத்து மூடிய ஷட்டர்கள், சாய்ந்து கிடக்கிற தள்ளுவண்டிகள், கம்பித்தூணில் பூட்டிய சைக்கிள். நல்ல படங்கள் என்றுதான் நினைத்தேன், வெறுமை நிரம்பியவை. ஒரு படத்தைப் பெரிதாக்கியபோது, காலி என்று நினைத்த தள்ளுவண்டியில் சாக்குக்கு அடியிலிருந்து இரண்டு பாதங்கள் நீட்டியிருந்தன. எடுத்தபோது நான் பார்க்கவில்லை. அது வெறுமை இல்லை, வாரவிடுமுறை. வண்டியிழுப்பவர் தூங்குகிற நாள். திங்கட்கிழமை அதே தெருவில் நடக்க வழியிருக்காது என்பது, வாரம் ஐந்து நாளும் அதற்குள் புகுந்து புறப்பட்டு வேலைக்குப் போகிற எனக்குத் தெரியாததா?

தெரியும். தெரிந்ததை எழுத்துக்குள் விடவில்லை. இதுதான் என் திருத்தத்தின் மையம். நம் சிறுபத்திரிகைக் கவிதையில் நகரம் வருகிறபோதெல்லாம் அலைகிறவன் ஒருவன் வருகிறான்; அவனைச் சுற்றி முகமற்ற கூட்டம், அல்லது ஆளற்ற வீதி. அவனுக்கு வீட்டு வாடகை இல்லை, மேலதிகாரி இல்லை, எட்டரை மணி பஸ் இல்லை. எழுதுகிற நமக்கு இவை மூன்றும் உண்டு. அந்நியமாதல் பொய் என்று நான் சொல்லவில்லை. அதை நாம் வெகு சுலபமாக அடைந்துவிடுகிறோம், மணியையும் விலாசத்தையும் அழித்துவிட்டால் எந்தத் தெருவும் வெறுமையாகிவிடும் என்கிறேன். அட்ஜே படத்தின் கீழே எழுதியதெல்லாம் தெருப்பெயர், இலக்கம், சில சமயம் மணி. இவ்வளவு குறைவாக எழுதியவரின் தெருவில்தான் நம் பெரிய சொற்கள் வந்து குடியேறின.

1926 ஜூனில் ‘சர்ரியலிஸப் புரட்சி’ பத்திரிகை தன் அட்டையில் அட்ஜேயின் படம் ஒன்றைப் போட்டது. பாஸ்தீய் சதுக்கத்தில் ஒரு கூட்டம், எல்லோரும் கண்ணுக்கு முன் எதையோ பிடித்துக்கொண்டு அண்ணாந்து பார்க்கிறார்கள். கீழே ‘கடைசி மதமாற்றங்கள்’ என்று பத்திரிகை தலைப்புக் கொடுத்தது. கேலி நன்றாகவே பொருந்துகிறது. தன் பெயரைப் போட வேண்டாம், இவை வெறும் ஆவணங்கள் என்று அட்ஜே சொல்லிவிட்டதாக மான் ரே பிற்பாடு நினைவுகூர்ந்தார். அடக்கம் என்றுதான் நான் அன்று பேசினேன். தன் படத்துக்கு வேறொருவர் எழுதும் வாசகத்தில் தனக்குப் பங்கு வேண்டாம் என்பதாகவும் அது இருக்கலாம். அந்தப் படம் எடுக்கப்பட்டது 1912, ஏப்ரல் 17. அன்று பாரிஸில் சூரியகிரகணம். எல்லோரும் கிரகணத்தைப் பார்த்தார்கள். அட்ஜே அவர்களைப் பார்த்தார்.